பிள்ளைகளை மாற்றிக்கொண்ட நகரங்கள்

இரு நாடுகளைச் சேர்ந்த இரண்டு நகராட்சிகள் உறவு கொண்டாட முடிவு செய்து கையெழுத்திடுவதுதான் சகோதர நகர ஒப்பந்தம். அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கைக்கு உள்ள கட்டாயம் இதற்குக் கிடையாது. மேயர்கள் மாறினால் மறந்தும் போகும். பல ஊர்களில் அது நுழைவாயில் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டால் மட்டும் நிலைமை வேறு. பிரான்சும் ஜெர்மனியும் அதற்கு நல்ல சான்று.

1870 முதல் 1945 வரை இவ்விரு நாடுகளும் மூன்று முறை போரிட்டன. கடைசிப் போர் ஓய்ந்து ஐந்தே ஆண்டுகளில், 1950-இல், பிரான்சின் மோன்பெலியாரும் தென் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்கும் கைகோத்தன. இரு நாட்டு நகரங்களுக்கும் இடையே ஏற்பட்ட முதல் உறவு இதுவே. இதற்கு முன்னின்றவர் மோன்பெலியார் மேயர் லூசியன் தராதேன். நாஜிகளை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடி, பிடிபட்டு, புகென்வால்ட் வதைமுகாமில் அடைபட்டு உயிரோடு மீண்டவர். ஜெர்மானியரை வெறுக்க அவரைவிட அதிகக் காரணம் உள்ளவர்கள் குறைவு. அவரே முதல் அடி வைத்ததால்தான் அந்த உறவுக்கு ஊரில் மதிப்பு கிடைத்தது என்று நம்புகிறேன். இரு ஊர்களுக்கும் பழைய தொடர்பும் உண்டு: பிரெஞ்சுப் புரட்சி வரை ஏறக்குறைய 400 ஆண்டுகள் மோன்பெலியார் தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. லுட்விக்ஸ்பர்க் அரண்மனையைக் கட்டியதும் அதே குடும்பம்தான்.

அந்த அரண்மனை முற்றத்தில், 1962 செப்டம்பர் 9 அன்று, பிரெஞ்சு அதிபர் டி கோல் ஜெர்மன் இளைஞர்களிடம் ஜெர்மன் மொழியிலேயே பேசினார். முதல் உலகப் போரில் ஜெர்மனியின் கைதியாக இருந்தவர் அவர். 1963 ஜனவரியில் அவரும் ஜெர்மன் பிரதமர் அடனாவரும் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் இரு நாடுகளுக்கும் பொதுவான இளைஞர் அலுவலகம் பிறந்தது. அதன் செலவை இரு அரசுகளும் சரிபாதியாக ஏற்கின்றன. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் உதவியால் எல்லை கடந்திருக்கிறார்கள். சகோதர நகர இணைகளும் 2,000-ஐத் தாண்டிவிட்டன.

மாணவர் பரிமாற்றம் எப்படி நடக்கிறது? மிகப் பழக்கமான முறை பள்ளிக்குப் பள்ளி போவது. ஒரு வகுப்பு ஆசிரியரோடு புறப்பட்டு ஒரு வாரம், பத்து நாள் தங்கும். விடுதி கிடையாது, ஒவ்வொரு மாணவரும் தன் ஜோடி மாணவர் வீட்டில் தங்குவார். சில மாதம் கழித்து அந்த ஜோடி மாணவர்களின் வகுப்பு இங்கே வரும். நீண்ட காலம் தங்க விரும்புவோருக்கு பிரிஷித் சோசே திட்டம்: ஏறத்தாழ மூன்று மாதம் அந்த வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போகலாம். வால்டேர் திட்டத்தில் அங்கே ஆறு மாதம், இங்கே ஆறு மாதம். தங்கவைக்கும் குடும்பத்துக்கு வாடகை எதுவும் இல்லை. அவர்கள் பிள்ளைக்கு உங்கள் வீட்டில் இடம் தருவதுதான் கைம்மாறு.

இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். விருந்தாளியாக மட்டும் போய்வந்த பிள்ளை அந்த ஊரைப் பார்த்திருக்கும். அந்த ஊர்ப் பிள்ளையைத் தன் வீட்டிலும் வைத்திருந்தால், தன் வீட்டையும் புதிதாகப் பார்க்க நேரும். ஞாயிற்றுக்கிழமை ஏன் கடைகள் மூடியிருக்கின்றன, இரவுச் சாப்பாடு ஏன் இத்தனை நேரத்தோடு முடிகிறது என்று வந்த பிள்ளை கேட்கும். பதில் தேடும்போதுதான் நம் வழக்கம் நம் கண்ணில் படும்.

மொழி படிப்பவர்களுக்கே இந்த வாய்ப்பு என்றால் அது பெரிய குறை. இரு நாட்டுப் பள்ளிகளிலும் அண்டை நாட்டு மொழியைப் படிப்போர் குறைந்து வருகிறார்கள். அதனால் எனக்கு மிகவும் பிடித்தது தொழில் பயிற்சி மாணவர்களுக்கான பரிமாற்றம். 1980 முதல் நடக்கிறது. ரொட்டி சுடுவோர், தச்சர், வாகன மெக்கானிக் என்று பயில்வோர் குழுவாகச் சென்று, எதிர் நாட்டுப் பட்டறைகளில் மூன்று வாரம் வேலை பழகுகிறார்கள். மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அங்கே போனதும் இரு நாட்டுப் பிள்ளைகளும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, வேலைக்கு வேண்டிய சொற்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள்.