மணல்வழியும் துவிச்சக்கர வண்டியின் இருக்கையும்

மன்னார்த் தீவு, தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கும் தாழ்ந்த மணல்நிலமாகும். மன்னார் நகரிலிருந்து பேசாலை வழியாகத் தலைமன்னார் வரை செல்லும் நெடுவீதி ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளமுடையது. அஃது இன்று செம்மையான தார்வீதி. ஆயின், அவ்வீதியை விட்டுச் சிறிது தூரம் விலகினாலும், பனந்தோப்புகளுக்கும் உடைமரங்களுக்கும் இடையே செல்வன மணல்வழிகளே. பெருநிலத்தில் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை முதலிய கரையூர்ப் பக்கங்களிலும், முருங்கன், நானாட்டான் பகுதிகளின் குளக்கட்டுகளிலும் மணலும் கிறவலும் களியும் மாறி மாறி வரும். இவ்வழிகளில் மீன்பெட்டியைப் பின்னே கட்டிச் செல்லும் வணிகரும், வயலுக்குச் செல்வோரும், பாடசாலைப் பிள்ளைகளும் துவிச்சக்கர வண்டியையே பெரிதும் நம்பியுள்ளனர். 1990ஆம் ஆண்டுக்குப் பின் எரிபொருள் அரிதாகியிருந்த போர்க்காலத்தில் வடபுலத்தாரைச் சுமந்தது இவ்வண்டியே. 2022ஆம் ஆண்டிற் பெற்றோலுக்காக வரிசைகள் நீண்டபோது நாட்டின் ஏனைய பகுதி மக்களும் அதனை மீண்டும் நாடினர்.

இத்துணைப் பயனுடைய வண்டியில் நம் உடம்பைத் தாங்கும் உறுப்புகள் மூன்றே. அவை கைபிடியும் மிதியும் இருக்கையுமாம். இம்மூன்றனுள் இருக்கையைப் பற்றியே நாம் குறைவாகச் சிந்திக்கின்றோம். வண்டி வாங்கச் செல்பவர் சில்லைச் சுழற்றிப் பார்ப்பர். தடையை இழுத்துப் பார்ப்பர். மணியையும் ஒலித்துப் பார்ப்பர். இருக்கையையோ பெருவிரலால் ஒருமுறை அழுத்தி, மெத்தென்றிருந்தால் நன்று என்று அமைதியுறுவர். இப்பெருவிரற் சோதனை பெரும்பாலும் நம்மை ஏமாற்றுவது. அதன் காரணத்தை விளக்கி, கரடுமுரடான வழிக்கேற்ற இருக்கையைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், நாம் எதன்மேல் அமர்கின்றோம் என்பதை அறிதல் வேண்டும். தொடைச் சதையின்மேல் அமர்கின்றோம் என்று பலர் எண்ணுவர். கட்டிலிலும் சாய்வு நாற்காலியிலும் அஃது ஓரளவு உண்மை. துவிச்சக்கர வண்டியிலோ தொடைகள் ஓயாது இயங்குவன. அவை உடம்பைத் தாங்கா. இடுப்பெலும்பின் அடியில், வலத்தும் இடத்தும், முட்டுப்போன்ற இரு புடைப்புகள் உள்ளன. அவற்றை இருப்பென்பு முனைகள் என்று ஈண்டு வழங்குவோம். நிறையைத் தாங்குதற்கென்றே இயற்கை அமைத்த தூண்கள் அவை. அவற்றிற்கிடையே முன்னும் பின்னுமாக அமைந்த மென்மையான பகுதியோ நரம்புகளும் குருதிக் கலன்களும் செல்லும் வழி. அப்பகுதி நிறை தாங்குதற்கு உரியதன்று. ஆகவே, நல்ல இருக்கை என்பது நிறையை அவ்வென்பு முனைகளின்மேல் ஏற்றி, இடைப்பட்ட மென்பகுதியை விடுவிக்கும் இருக்கையே.

இனி, மெத்தென்ற இருக்கை துன்பந் தருவது எங்ஙனம் என்பதைக் காண்போம். விசையைப் பரப்பினால் வகுப்பது அமுக்கம் என்பதை மாணவர் அறிவர். பரப்பு மிகுந்தால் அமுக்கம் குறையுமாதலின், அகன்று மெத்தென்ற பஞ்சிருக்கையே சிறந்ததென்று கணக்கு நமக்குச் சொல்வதுபோலத் தோன்றும். ஆனால் பரப்பு எவ்விடத்தில் மிகுகின்றது என்பதை அக்கணக்குச் சொல்லவில்லை. மிகமெல்லிய பஞ்சில் அமருங்கால் என்பு முனைகள் இரண்டும் அதனுள் அமிழ்ந்துவிடுகின்றன. அமிழவே, நடுவிலுள்ள பஞ்சு மேலெழுந்து, தாங்கலாகாத அம்மென்பகுதியை அழுத்துகின்றது. கடைவாயிலில் ஐந்து நிமிடம் அமர்ந்து பார்க்கையில் இஃது இன்பமாகவே இருக்கும். ஒரு மணிநேரம் மணல்வழியிற் சென்றபின்னரே உண்மை விளங்கும். இருக்கையின்மேல் மாட்டும் தடித்த பஞ்சுறைகளும் இக்குற்றத்துக்கு ஆளாவனவே. அவை போதாக்குறைக்கு இருபுறமும் நழுவித் தொடையையும் உராயும்.

பழைய தோலிருக்கை செய்தோர் இவ்வுண்மையை அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 1866ஆம் ஆண்டு தோற்பொருள் தொழிலைத் தொடங்கியவர் ஜோன் போல்ற்பீ புறூக்ஸ். தம் குதிரை இறந்துபோகத் துவிச்சக்கர வண்டியொன்றை இரவல் பெற்று ஏறிய அவர், அதன் இருக்கையின் கொடுமை தாளாமலே புதிய இருக்கை செய்ய முற்பட்டார் என்று சொல்லப்படுகின்றது. 1882ஆம் ஆண்டில் அவர் தம் இருக்கைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். காற்றடைத்த ரயரை டன்லப் ஆக்கியது அதற்கு ஆறு ஆண்டுகளின் பின்னராகும். எனவே, அக்காலத்துக் கட்டி ரயர்களின் அதிர்ச்சி முழுவதும் நேரே இருக்கைக்கே வந்தது. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தடித்த தோல், தொங்கு படுக்கைபோல நின்று, ஏறுபவரின் என்பு முனைகளுக்கேற்ப நாளடைவிற் குழிந்து கொடுக்கும். அதனடியில் இரு சுருள்வில்கள் அமைந்த வகையும் உண்டு. நம் பாட்டன்மார் பெருமையோடு பேணிய றலி வண்டிகளில் இத்தகைய தோலிருக்கைகள் இருந்தன. தொட்டால் மரப்பலகைபோல இருந்த அவ்விருக்கைகளில் அவர்கள் நெடுந்தூரம் சென்று மீண்டனர். அவர்கள் நம்மினும் வன்மையுடையோர் என்று மட்டும் அதற்குக் காரணங் கூறுதல் பொருந்தாது. இருக்கையும் ஒரு காரணமாகும்.

இருக்கையின் அகலமே தெரிவில் முதன்மையானது. இதனை அளத்தற்குச் செலவு வேண்டுவதில்லை. கடைகளுக்குச் சவர்க்காரமும் பிஸ்கற்றும் வருகின்ற பெட்டியின் நெளிவுள்ள தடித்த அட்டைத் துண்டொன்றை வன்மையான படிக்கட்டில் இட்டு, அதன்மேல் மெல்லிய உடையுடன் அமர்க. முழங்கால்களைச் சிறிது உயர்த்தி, முன்னே சற்றுக் குனிந்து, அரை நிமிடம் இருந்து எழுந்தால், அட்டையில் இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் நடுக்களுக்கிடையேயுள்ள தூரமே வேண்டிய அளவு. வளர்ந்தோர்க்கு இது பெரும்பாலும் 10 முதல் 15 சென்ரிமீற்றருக்குள் அமையும். இவ்வளவோடு 2 அல்லது 3 சென்ரிமீற்றர் கூட்டினால், சற்றே முன்சாய்ந்து ஓட்டுவோர்க்கேற்ற இருக்கையின் அகலம் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுவோர்க்கு இன்னுஞ் சிறிது மிகுதி வேண்டும். 12 சென்ரிமீற்றர் அளவுடையார் ஒருவர் 14 அல்லது 15 சென்ரிமீற்றர் அகலமுள்ளதைத் தேடலாம். பருத்த உடம்பினர்க்கு அகன்ற இருக்கை என்ற எண்ணம் பொதுவாக உண்டு. அது தவறு; சதை வேறு, என்பு வேறு. மெலிந்த ஒருவரின் என்பு முனைகள் பருத்தவரினும் அகன்றிருத்தல் கூடும். பெண்களுக்குச் சராசரியில் இத்தூரம் மிகுதி என்பது உண்மையாயினும், ஆண் பெண் இருபாலாரின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேலொன்று படிவன. ஆதலால், பெண்கள் இருக்கை, ஆண்கள் இருக்கை என்ற பெயரை நம்புவதினும் அட்டையை நம்புதல் நன்று.

அகலத்தை அறிந்தபின் அமரும் நிலையை நோக்குதல் வேண்டும். நிமிர்ந்திருக்கையில் நிறை பின்னே, என்பு முனைகளின்மேல் விழும். முன்னே குனியுந்தோறும் இடுப்பு முன்சுழன்று, நிறை மென்பகுதியை நோக்கி நகரும். இதில் நம் கரைக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் மன்னாரிலிருந்து அரிப்பு, சிலாவத்துறை நோக்கித் தெற்கே செல்பவர், நிமிர்ந்தமரும் வண்டியை உடையவராயினும், எதிர்காற்றுக்குத் தலைவணங்கியே செல்ல வேண்டும். அதனால், போகும்போது நோவு தரும் இருக்கையே திரும்பும்போது சுகமாயிருத்தலைக் காணலாம். இருக்கை மாறவில்லை, அமர்ந்த நிலையே மாறியது. ஆகவே, காற்றுக்காலத்தில் நெடுந்தூரம் செல்வோர், நடுவிற் பள்ளமோ நீண்ட வெட்டுவாயோ உள்ள இருக்கையை ஆராய்ந்து பார்க்கலாம். அவ்வெட்டுவாய் எல்லார்க்கும் ஒத்துக்கொள்வதில்லை. சிலர்க்கு அதன் ஓரங்களே உறுத்தும்.

இருக்கையின் முன்மூக்குப் பற்றியும் ஒரு சொல். ஐக்கிய அமெரிக்காவிலே தொழிலாளர் நலத்தை ஆராயும் அரசாங்க நிறுவனம், துவிச்சக்கர வண்டியிற் சுற்றுக்காவல் செய்யும் பொலிஸாரை ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டது. மூக்கில்லாத இருக்கைகளை ஆறு திங்கள் பயன்படுத்திய அவர்களுக்கு மென்பகுதியின் அமுக்கமும் மரத்துப்போதலும் குறைந்தன. தார்வீதியில் நாள் முழுதும் செல்வோர் இதனைக் கருதத் தகும். எனினும் மணல்வழிக்கு யான் இதனைத் துணிந்து கூறேன். முன்சில்லு மணலிற் புதைந்து இருமருங்கும் இழுக்கும்போது, தொடைகளின் உட்புறத்தால் மூக்கை இலேசாக அணைத்தே வண்டியை நேராக்குகின்றோம். மூக்கு இருத்தல் வேண்டும்; அஃது ஒடுங்கியும் ஓரங்கள் உருண்டும் இருத்தல் வேண்டும்.

மலைவழி ஓட்டத்தைப் பற்றி மேலைநாட்டார் எழுதியவற்றில், இறக்கத்திற் செல்லும்போது இருக்கையைத் தாழ்த்துக என்று காணப்படும். மன்னாரில் இறக்கம் எங்கே? இங்குள்ள இடர் மணலும் கிறவல் வீதியின் அலைமேடுகளுமே. ஆழ்மணலில் இருக்கையின் பிற்பகுதிக்கு நகர்ந்து அமர்ந்து, முன்சில்லின் பளுவைக் குறைத்து, விட்டுவிடாமல் மிதித்தல் வேண்டும். அலைமேடுகளிலோ இரு மிதிகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, முழங்கால்களைச் சற்றே மடக்கி, இருக்கையிலிருந்து ஒரு விரற்கடை எழுந்து நிற்றல் வேண்டும். எத்துணைச் சிறந்த இருக்கையும் முழங்காலைப் போலச் சிறந்த சுருள்வில் ஆகாது. ரயரின் காற்றும் இவ்வகையில் உதவும். கல்லாக ஊதிய ரயர் ஒவ்வோர் அதிர்வையும் இருக்கைக்கு அனுப்பிவிடும். புதிய இருக்கைக்குப் பணஞ் செலவிடுமுன் சிறிது காற்றைக் குறைத்துப் பார்த்தல் நலம். மிகக் குறைத்தால் கல்லில் மோதி ரியூப் வெட்டுப்படும்.

இனிச் சொல்லப்போவது சிலர் பேச நாணும் செய்தி. ஆயினும் ஆசிரியராயினார் அதனை மறைத்தல் தகாது. மென்பகுதி மரத்துப்போதல் என்பது பழகினால் நீங்கும் நோவன்று. நரம்பும் குருதிக் கலனும் நெரிகின்றன என்பதற்கு அடையாளம். புதிய இருக்கையில் முதற் சில நாட்கள் என்பு முனைகள் நோதல் இயல்பு. அது தானே தீரும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் மிகமிக இன்றியமையாதது. வீட்டிலுள்ள பெரியவரின் வண்டியையே ஓட்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலர். இருக்கை உயர்ந்திருப்பதால் மிதியை எட்டுதற்கு இடுப்பை இருபுறமும் ஆட்டுகின்றனர்; உராய்வினாற் புண்ணும் உண்டாகின்றது. ஆண்பிள்ளைகள் கேலிக்கு அஞ்சியும், பெண்பிள்ளைகள் நாணத்தாலும் இதனை யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாமலே வண்டியை விட்டுவிடுகின்றனர்; பேருந்து செல்லாத ஊராயின் பாடசாலைக்கு வருதலும் குறைகின்றது. தாய்மாரும் ஆசிரியைமாரும் வெளிப்படையாக ஒருமுறை கேட்டு, ஒரு ஸ்பனரை எடுத்து இருக்கையைச் சீராக்கினாலே பாதித் துன்பம் நீங்கிவிடும். இறங்கியபின்னும் மரத்துப்போதல் நீடிக்குமாயின் வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும்.

சீராக்கும் முறை எளிது. இருக்கையில் அமர்ந்து, கீழே நிற்கும் மிதியின்மேல் குதிகாலை வைத்தால், முழங்கால் நேராக நீளவேண்டும். வலிந்து எட்டுதல் கூடாது. பின்னர் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சிறிது மடங்கியிருக்கும். மணலில் அடிக்கடி காலூன்ற வேண்டியவர் இதனினும் ஒரு விரற்கடை தாழ்த்திக்கொள்ளலாம். அடுத்து, இருக்கையின்மேல் அடிமட்டத்தை நீளவாட்டில் வைத்து, நிலத்துக்கு இணையாக உள்ளதா என்று பார்க்க. சுருள்வில் உள்ள இருக்கையாயின் ஆள் அமர்ந்தவுடன் பின்புறம் தாழ்ந்து மூக்கு மேலெழும். எனவே ஒருவரை ஏற்றிவைத்து மற்றொருவர் பார்த்தல் வேண்டும். மூக்கு மிகத் தாழ்ந்தாலோ உடம்பு முன்னே வழுக்கி, நிறை கைகளுக்குச் சென்று மணிக்கட்டு நோகும்.

இறுதியாக, உப்புக்காற்றை மறத்தலாகாது. தோலிருக்கை வாங்குவோர் அதன் சுகத்தை மட்டுமன்றிப் பராமரிப்பையும் விலைக்கு வாங்குகின்றனர். நனைந்த தோலின்மேல் அமர்ந்தால் அது நீண்டு உருக்குலையும். வெயிலிற் காயவைத்தால் வெடிக்கும். நிழலில் உலர்த்தி, தோலுக்குரிய மெழுகைச் சிறிது பூசுதல் வேண்டும். மீன்பெட்டி சுமக்கும் வண்டிக்கும், இரவிலும் முற்றத்திலேயே நிற்கும் வண்டிக்கும் தோல் பொருந்தாது. உறுதியான, ஓரளவே மெத்தையிட்ட, நீர் புகாத மேலுறையுள்ள இருக்கையே போதும். எவ்வகையாயினும் அடியிலுள்ள கம்பிகளையும் சுருள்வில்களையும் கடற்கரைப் பயணத்தின்பின் நன்னீரால் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் தொட்டுவைத்தல் வேண்டும். துருப்பிடித்த கம்பி முறிவது பெரும்பாலும் பள்ளத்தில் விழும்போதே; ஆதலின் மாதம் ஒருமுறை இருக்கையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொள்க.