கவிழாத தண்ணீர்

கரிசல் காட்டுச் சம்சாரி வீடுகளில் நாய்க்கென்று தனியாகத் தண்ணீர்ப் பாத்திரம் வாங்கிய வழக்கம் கிடையாது. தொழுவத்து ஓரம் ஒரு கல்தொட்டி கிடக்கும். சோறு வடித்த கஞ்சியும் அரிசி களைந்த கழனித்தண்ணியும் மாட்டுக்காக ஒன்றில் விழும். பக்கத்தில் இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர் நிற்கும். மாடு குடிக்கும், ஆடு குடிக்கும், கோழி விளிம்பில் ஏறி நின்று குடிக்கும். காட்டுக்குப் போய்த் திரும்பிய நாய் முன்காலை விளிம்பில் ஊன்றி வயிறு நிரம்பக் குடித்துவிட்டுத் தொட்டி நிழலிலேயே படுத்துக்கொள்ளும். இரண்டு பேர் கடப்பாரை போட்டு நெம்பினால்தான் அசையும் கல் அது. நாய் அதைக் கவிழ்த்துவிடும் என்ற கவலை யாருக்கும் வந்ததில்லை.

இன்று அதே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கத்து வீடுகளில் பின்வாசலைப் பாருங்கள். தரை முழுக்க சிமென்ட். சுற்றி ஆள் உயரக் காம்பவுண்டுச் சுவர். ஒரு தூணில் சங்கிலி, அதன் முனையில் நாய். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் குப்புறக் கிடக்கும். விளிம்பு முழுக்கப் பல் தடம். கடையில் வாங்கிய மரக்கூடு இருந்தால் வாசல் சட்டம் பாதி காணாமல் போயிருக்கும். "எத்தனை வாங்கிப் போட்டாலும் கடிச்சுக் குதறிடுது, தண்ணியை நிமிஷத்தில் கொட்டிடுது" என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். நாய் மதியம் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரைக்கும்.

இந்த இரண்டு காட்சிக்கும் இடையில் நாய் மாறிவிடவில்லை. அது வாழ்ந்த முற்றம்தான் மாறிப்போனது. டிராக்டர் வந்தது, உழவு மாடு போனது, மாட்டோடு தொழுவமும் தொட்டியும் போயின. மண் முற்றம் சிமென்ட் பூசிக்கொண்டது. திண்ணை இடிக்கப்பட்டு வண்டி நிறுத்தும் இடமானது. வைக்கோல் போரின் அடிவாரம், மாட்டு வண்டியின் அடி, வேப்பமரத்து மூடு, அணைந்த அடுப்புச் சாம்பல் கொட்டிய குழி என்று வெயிலுக்கும் மழைக்கும் பனிக்கும் நாய் தானே தேடிக்கொண்ட இடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. யாரும் கட்டிக் கொடுக்காமலே அதற்கு நாலைந்து வீடு இருந்தது. இப்போது ஒன்றாவது கட்டிக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

வேலையும் போய்விட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிய நாய்கள். அந்த ஒடுங்கிய இடுப்பும் நீண்ட காலும் ஓட்டத்துக்கென்றே வந்தவை. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமானது; அது சரியானதுதான். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பேர் போனவை. இரவெல்லாம் தோட்டத்தையும் களத்தையும் சுற்றி வந்த கால்கள் அவை. 2005-ல் ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. 2018-ல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் வரும் கருப்பி என்ற நாயை நினைத்து அழாதவர் குறைவு. 2020 ஆகஸ்டில் பிரதமரின் 'மனதின் குரல்' உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நான்கின் பேரும் வந்தது. நம் நாய்களுக்கு இந்தப் பெருமை வர வேண்டியதுதான். ஆனால் பெருமைக்காக வாங்கி வந்து ஆறடிச் சங்கிலியில் கட்டிப்போட்டால், ஓடப் பிறந்த உடம்பின் பலம் எங்கே போகும்? கிண்ணத்தின் மேலும் கூட்டின் மேலும்தான் போகும்.

நாய் ஏன் தண்ணீரைக் கவிழ்க்கிறது என்று சற்று நின்று கவனித்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும். நமக்கு மாதிரி அதற்கு உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி இரைத்து இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். அதனால் வெயில் ஏறியதும் முன்காலைத் தண்ணீரில் விட்டுத் துழாவும், முடிந்தால் அதிலேயே வயிறு பட உட்காரும். மண் தரையாக இருந்தால் ஒரு சாண் பறித்து ஈர மண்ணில் படுத்திருக்கும். சிமென்ட் தரையில் பறிக்க வழியில்லை. மிச்சமிருப்பது கிண்ணம் ஒன்றுதான். குட்டியாக இருந்தால் நாலாவது மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அந்த ஊறலுக்கு எதையாவது கடிக்காமல் இருக்க முடியாது. கட்டிய நாய்க்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அது சுற்றி வரும்போது சங்கிலி தரையைக் கூட்டிக்கொண்டே வந்து கிண்ணத்தைத் தட்டிவிடும். பல வீடுகளில் தண்ணீரைக் கொட்டுவது சங்கிலி. பழி மட்டும் நாய் மேல்.

நான் பார்த்ததில் ஆகச்சிறந்த கவிழாத தொட்டி பழைய ஆட்டுக்கல்தான். 1950-களில் கோயம்புத்தூரில் பிறந்த வெட் கிரைண்டர் மெல்ல மெல்ல ஆட்டுக்கல்லை அடுக்களையிலிருந்து வெளியே தள்ளியது. 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய பின் குடிசை வீட்டு ஆட்டுக்கல்லும் ஓய்வு பெற்றது. குழவியை எடுத்துவிட்டால் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் கொள்ளும் வழவழப்பான குழி. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி தண்ணீராவது வேண்டும் என்பது கணக்கு. 25 கிலோ நாய்க்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், கோடையில் அதற்கும் மேல். ஆட்டுக்கல் அதற்குப் போதும். கடிக்க விளிம்பு கிடையாது, பிடித்து இழுக்கக் காது கிடையாது, சங்கிலி வந்து மோதினாலும் அசையாது. பழைய இரும்பாய் எடைக்குப் போகும் பொருளும் இல்லை என்பதால் இன்னும் பல வீடுகளில் மூலையில் கிடக்கிறது. நாலு பேர் சேர்ந்து அதை நிழலுக்கு நகர்த்தி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆட்டுக்கல் கிடைக்காத வீட்டில் சிமென்டில் வார்த்துக்கொள்ளலாம். ஒரு முறை முனைந்தால் பல வருஷத்துக்குக் கவலையில்லை. செய்யும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைக் கிண்ணங்களில் பல வாய் அகன்று அடி குறுகி இருப்பதால்தான் விளிம்பில் கால் வைத்ததும் சாய்கின்றன. நமக்கு வேண்டியது அடி அகன்று வாய் குறுகிய தொட்டி. அதற்கு, 12 லிட்டர் பிடிக்கும் பழைய பேசின் ஒன்றை எடுத்து உள்ளே எண்ணெய் தடவ வேண்டும். 3 லிட்டர் கிண்ணம் ஒன்றில் ஈர மணலை இறுக்கி நிரப்பி, வெளிப்புறம் எண்ணெய் தடவி, பேசினின் அடியில் நட்டநடுவே குப்புறக் கவிழ்க்க வேண்டும். சுற்றிலும் மூன்று விரல் இடமாவது இருக்கட்டும். கிண்ணத்து வாயைச் சுற்றிக் களிமண் அப்பிவிட்டால் கலவை உள்ளே ஏறாது, கிண்ணமும் மிதக்காது. ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கெட்டிக் கலவையைப் பேசின் நிறையக் கொட்டித் தட்டி மட்டம் பிடித்து, ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். மறுநாள் கவிழ்த்துத் தட்டினால் பேசினின் அகன்ற வாய் தொட்டியின் அடியாகிவிடும்; குறுகிய அடி மேலே வந்து தொட்டியின் முகமாகிவிடும். பிறகு ஒரு வாரம் தண்ணீரில் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் இறங்கும் என்பதால், தினமும் தண்ணீர் மாற்றிச் சில நாள் ஊறவைத்த பின்பே நாய்க்குக் கொடுக்கலாம். முடிவில் கையில் இருப்பது ஏறத்தாழ 18 கிலோ எடை. சரிந்த பக்கச் சுவரில் நாயின் பல் ஊன்றவே முடியாது.

பழைய டயருக்குள் கிண்ணத்தைச் செருகி வைக்கும் பழக்கமும் பரவலாக உண்டு. சாதுவான நாய்க்கு அது சரி. எதையும் கடிக்கிற நாய்க்கு வேண்டவே வேண்டாம். ரப்பர்த் துண்டை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும், டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி வாயைக் கிழித்துவிடும். தரையில் குழி தோண்டிக் கிண்ணத்தைப் பதிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்திலேயே நாய் பறிக்கும், மண்ணெல்லாம் தண்ணீரில் விழும். கட்டிய நாயாக இருந்தால் சங்கிலி எட்டும் வட்டத்தின் விளிம்பில், வாய் மட்டும் எட்டும் தூரத்தில் தொட்டி இருக்க வேண்டும். இரண்டு நாய் இருக்கும் வீட்டில் இரண்டு தொட்டி வேண்டும். ஒன்று மறித்துக்கொண்டால் மற்றது தாகத்தோடு கிடக்கும்.

கனமான தொட்டிக்கு ஒரு குறை உண்டு. நாயால் கவிழ்க்க முடியாததை நம்மாலும் கவிழ்த்துக் கழுவ முடியாது. அன்றைக்கு மாடு குடித்துக் குடித்துத் தொட்டித் தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தது. இன்று ஒற்றை நாய்க்கு வைத்த தண்ணீர் தேங்குகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் சுவரைத் தேய்க்க வேண்டும். தினமும் கொட்டாங்கச்சியால் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர், வாரம் ஒருமுறை நன்றாகத் தேய்ப்பு. இதைச் செய்யச் சோம்பல்படுகிறவர்கள் கல்தொட்டி வைக்காமல் இருப்பதே தெருவுக்கு நல்லது.

இனி நிழல். நீல நிற 200 லிட்டர் டிரம்மைப் படுக்கப் போட்டு வாய் வெட்டினால் கூடு தயார் என்று பலர் நினைக்கிறார்கள். சிறிய நாட்டு நாய்க்கு அடைமழையில் அது உதவும். அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். தோள் உயரமே இரண்டரை அடிக்கு நெருங்கும் ராஜபாளையம் நாய் அதற்குள் நிற்கவே முடியாது. வெயிலிலோ அது சூளை. வெட்டிய விளிம்பைக் கடித்து நாய் பிளாஸ்டிக்கைத் தின்னவும் செய்யும். மரக்கூடு என்றால் வாசல் விளிம்பெல்லாம் இரும்பு ஆங்கிள் அடிக்க வேண்டும். அப்படியும் கரையான் விடாது.

கடிக்கிற நாய்க்குக் கல்லும் சிமென்டும்தான் சரிப்படும். ஹாலோ பிளாக் கல்லில் மூன்று பக்கச் சுவர், உள்ளே நாலடிக்கு மூன்றடி இடம், மூன்றரை அடி உயரம், தரை அரை அடி மேடு. கல்லின் துளைகளை அடைத்து இண்டு இடுக்கில்லாமல் பூசிவிடுவது முக்கியம். நாயைப் பிடிக்கும் உண்ணி சுவர் வெடிப்பில் ஒளிந்துதான் முட்டையிடுகிறது. வெறும் தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்டால் மதியம் உள்ளே இருக்க முடியாது. அதன்மேல் பனையோலையைக் கனமாக அடுக்கிக் கட்டினால் சூடு உள்ளே இறங்காது. ஓலை நுனி நாய்க்கு எட்டும்படி தொங்கினால் ஒரே நாளில் கீழே வந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மெத்தை, சாக்கு எதுவும் போடாதீர்கள், கிழித்து விழுங்கும். மழைக்காலத்தில் வைக்கோல் போதும், அழுக்கானதும் மாற்றிவிடலாம்.

வாசல் எந்தப் பக்கம்? தெற்குதான் நல்லது. மேற்கு வாசல் என்றால் பிற்பகல் வெயில் நேரே உள்ளே வரும். வடக்கு, கிழக்கு வாசல் என்றால் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாரலடிக்கும். ராஜபாளையம் பக்கம் சித்திரை முதல் நாளை ஒட்டிச் சூரியன் நடுப்பகலில் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதிலிருந்து ஆவணி வரை வடக்கே சாய்ந்தே போகும். ஆகவே அந்த மாதங்களில் நடுப்பகல் வெயில் தெற்கு வாசல் வழியே உள்ளே வராது; வாசலுக்கு முன்னால் கொஞ்சம் நிழலும் விழும். அந்த நிழலை ஒட்டிச் சிமென்டை உடைத்து ஓரடி ஆழத்துக்கு மணல் நிரப்பி, மதியம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பறித்துப் படுக்க நாய்க்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் கிண்ணத்தில் உட்காரும் ஆசை தானே குறையும்.

இதெல்லாம் செய்தாலும் நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாயின் கடி ஓயாது. காலையிலும் மாலையிலும் கயிற்றில் பிடித்து நடக்க வேண்டும், இரவில் காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிட வேண்டும். 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சொந்தக்காரர் போதிய உணவு, தண்ணீர், நிழல் தராமல் இருப்பதும், நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும், கட்டிய நாயை நடத்தாமல் இருப்பதும் அதன் 11-வது பிரிவில் குற்றங்கள். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தின் விலைகூட இல்லாத அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் நாயைக் கவனிக்கப் போவதில்லை. அதை உயர்த்தியே ஆக வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை நாய் தாகத்தோடு காத்திருக்க முடியாது. பங்குனியிலேயே வெயில் ஏறிவிடும். மாசி முடிவதற்குள் வீட்டு மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல்லை நிழலுக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமென்டைக் குழைத்துத் தொட்டி வார்த்து வையுங்கள்.