எந்த டிஸ்க் எது?

தானியங்கி லினக்ஸ் நிறுவலில், "இந்த டிஸ்க்கை அழிக்கலாமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் திரைக்கு முன்னால் யாரும் இருப்பதில்லை. ரெட்ஹாட் குடும்பத்தில் கிக்ஸ்டார்ட், டெபியனில் பிரீசீட் எனப்படும் கோப்பில் பதில்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அதில் டிஸ்க்கை எஸ்டிஏ என்று மட்டும் குறித்துவிட்டால், தவறான டிஸ்க் அழிந்துபோகலாம்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை டிஸ்க்கின் நிலையான பெயர்கள் அல்ல. கர்னல் அவற்றைக் கண்டுபிடித்த வரிசை. முதலில் பதில் கொடுப்பது எஸ்டிஏ ஆகும். நிறுவலுக்காகச் செருகிய யுஎஸ்பி குச்சிகூடச் சில நேரம் அந்த இடத்தைப் பிடித்துவிடும். அடுத்த முறை பூட் செய்யும்போது வரிசை மாறலாம்.

நிலையான பெயர்களைத் தருவது யூடெவ். அதன் வடிவமைப்பை கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2003 ஜூலையில் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் விளக்கினார். டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் உலகளாவிய அடையாள எண்ணையும் கொண்டு யூடெவ் 'பை-ஐடி' என்ற அடைவில் இணைப்புகளை உருவாக்குகிறது. அடையாள எண்ணைச் சற்று உற்றுப் பார்க்கலாம். வழக்கமான சாட்டா டிஸ்க்கில் அது 16 இலக்கம். முதல் இலக்கம் 5, அடுத்த ஆறு தயாரிப்பாளரின் குறியீடு, மீதி ஒன்பதும் அந்த டிஸ்க்குக்கே உரியவை. சாம்சங் எஸ்எஸ்டி என்றால் 5002538 என்று தொடங்கும். டிஸ்க்கை இன்னொரு கேபிளில் மாட்டினாலும், முழுதாக அழித்தாலும் இந்த எண் மாறாது.

யூயூஐடியை இதற்கு நம்பக் கூடாது. அது கோப்பு முறைமையின் அடையாளம். புது டிஸ்க்கில் அது இருக்காது, ஃபார்மட் செய்தால் மாறிவிடும். நிறுவல் முடிந்தபின் மவுண்ட் செய்யத்தான் அது உதவும்.

நூறு சர்வர்களுக்கு ஒரே கோப்பு என்றால் சிக்கல் வேறு. சீரியல் எண் ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கும். வன்பொருள் ஒன்றுபோல இருந்தால், டிஸ்க் மாட்டியிருக்கும் இடத்தைச் சொல்லும் 'பை-பாத்' பெயர் பொருந்தும். பழுதான டிஸ்க்கை மாற்றினாலும் அதே இடத்துக்கு அதே பெயர். உபுண்டுவின் ஆட்டோஇன்ஸ்டால், மாடல், அளவு, எஸ்எஸ்டியா இல்லையா என்பதை வைத்தும் தேர்ந்தெடுக்கவிடும். 'மிகப் பெரிய டிஸ்க்' என்ற விதி மட்டும் மிக ஆபத்தானது. பல சர்வர்களில் பெரிய டிஸ்க்கில்தான் தரவு இருக்கிறது.

மெய்நிகர் கணினிகளில் சீரியல் எண்ணே இல்லாமல் போகலாம்; உருவாக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். ரெய்டு கார்டு, பின்னால் இருக்கும் டிஸ்க்குகளை மறைத்து ஒரே டிஸ்க்காகக் காட்டும்.

எந்த அடையாளத்தைப் பயன்படுத்தினாலும், நிறுவலுக்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட் பொருந்தும் டிஸ்க்குகளை எண்ண வேண்டும். சரியாக ஒன்று இருந்தால் மட்டுமே அழிக்கலாம். ஒன்றுகூட இல்லாவிட்டாலும், இரண்டு இருந்தாலும், எதையும் தொடாமல் நிறுவலை அங்கேயே நிறுத்த வேண்டும்.