பிள்ளையாருக்கு எந்த நாள்?

2024-ம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன பஞ்சாயத்து. டோம்பிவிலி கிழக்கில் எங்கள் கட்டடத்தில் மராட்டியக் குடும்பங்கள் மகர் மண்டபத்துக்குத் தெர்மோகோல் வேண்டாம், அட்டையிலேயே செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்த சமயம். நியூஜெர்சியிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, இங்கே கோவில்ல பிள்ளையார் சதுர்த்தி வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்காங்க. நீங்க சனிக்கிழமைங்கறீங்க. யார் சொல்றது சரி?"

பக்கத்தில் இருந்த என் தாயார் விடவில்லை. "பிள்ளையாருக்குப் பிறந்தநாள் ஊருக்கு ஒண்ணா? நம்ம காலண்டர்ல சனிக்கிழமைதான் இருக்கு, அன்னிக்கே பண்ணச் சொல்லு" என்றார்கள். எண்பது வயதைத் தாண்டியவர். வருடா வருடம் போனில் பேத்தியோடு சேர்ந்து கற்பூரம் காட்டுவது அவருக்குப் பெரிய விஷயம். நாள் மாறினால் அது நடக்காது என்ற கவலைதான் அந்தக் கோபத்துக்குள் இருந்தது. மாப்பிள்ளைக்கோ வேறு கணக்கு. சனிக்கிழமை லீவு, அதனால் பாட்டி கட்சி.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஏராளமான மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி. ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

திதி என்பது நாள் அல்ல. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோண தூரம் அது. அமாவாசையில் இரண்டும் ஒரே திசையில் நிற்கின்றன. பிறகு சந்திரன் 12 டிகிரி விலகினால் பிரதமை முடிகிறது, 24 டிகிரியில் துவிதியை, 36-ல் திருதியை. 36-லிருந்து 48 டிகிரி வரை சதுர்த்தி. சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. எனவே ஒரு திதி ஏறக்குறைய 20 மணி நேரத்திலும் முடியலாம், 27 மணி நேரம் வரையும் நீளலாம். இதில் முக்கியமான செய்தி, சதுர்த்தி தொடங்கும் அந்தக் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. தாராவிக்கு ஒரு சதுர்த்தி, நியூயார்க்குக்கு ஒரு சதுர்த்தி என்று வானத்தில் கிடையாது.

பிறகு ஏன் தேதி மாறுகிறது? பண்டிகைக்குத் திதி மட்டும் போதாது, அந்தத் திதி நாளின் எந்தப் பொழுதில் இருக்க வேண்டும் என்றும் சாஸ்திரம் கேட்கிறது. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு விடியற்காலையில் சதுர்த்தசி வேண்டும். சிவராத்திரிக்கு நள்ளிரவு. ராமநவமிக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் மத்தியானம். பகல் பொழுதை ஐந்தாகப் பங்கிட்டால் நடுவில் வரும் மூன்றாவது பங்குதான் 'மத்யான்னம்'. கமலாகர பட்டரின் நிர்ணயசிந்து, பண்டரிபுரத்துக் காசிநாத உபாத்யாயரின் தர்மசிந்து போன்ற நூல்கள் இந்தச் சச்சரவுகளைத் தீர்க்கவே எழுந்தவை.

விடியலும் மத்தியானமும் ஊருக்கு ஊர் வேறு. ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம். சென்னைக்கும் டோம்பிவிலிக்கும் ஏழு டிகிரிக்குச் சற்று அதிகம், ஆகவே நமக்குச் சூரியன் ஏறத்தாழ அரைமணி தாமதம். (மாட்டுங்காவில் வாங்கும் சென்னைப் பஞ்சாங்கத்தை அப்படியே இங்கே பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ராகுகாலமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்பது ஆறு மணிக்குச் சூரியோதயம் என்ற கணக்கில் வந்தது. குளிர்காலத்தில் ஏழுக்கு மேல் விடியும் நியூயார்க்கில் அதே மணியைப் பார்த்து வண்டியை நிறுத்தி வைப்பதில் அர்த்தமில்லை.)

இப்போது 2024-ஐ எடுத்துக்கொள்வோம். சதுர்த்தி தொடங்கியது நம் நேரப்படி செப்டம்பர் 6 வெள்ளி பிற்பகல் 3:01. முடிந்தது சனி மாலை 5:37. டோம்பிவிலியில் மத்யான்னம் சுமார் 11:20 முதல் 1:50 வரை. வெள்ளி மத்தியானம் இன்னும் திருதியை. சனி மத்தியானம் முழுவதும் சதுர்த்தி. எனவே நமக்குச் சனிக்கிழமை. சந்தேகமே இல்லை.

நியூயார்க், நியூஜெர்சி பக்கம் அப்போது நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். ஆகவே அவர்கள் கடிகாரத்தில் சதுர்த்தி வெள்ளி காலை 5:31-க்குத் தொடங்கி, சனி காலை 8:07-க்கே முடிந்துவிட்டது. அங்கே வெள்ளி மத்தியானம்தான் சதுர்த்தி. சனி மத்தியானம் பஞ்சமி. மாப்பிள்ளை சனிக்கிழமை கொழுக்கட்டை செய்திருந்தால் பிள்ளையார் கோபித்துக்கொண்டிருக்கமாட்டார்தான், ஆனால் அது பஞ்சமிக் கொழுக்கட்டை.

லண்டன் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே வெள்ளி காலை 10:31 முதல் சனி பகல் 1:07 வரை. இரண்டு நாள் மத்தியானத்திலும் சதுர்த்தி உண்டு. இப்படி வந்தால் திருதியையோடு சேர்ந்த முதல் நாளையே கொள்ள வேண்டும் என்பது விதி. எனவே அங்கும் வெள்ளி. சிங்கப்பூர், சிட்னி நமக்குக் கிழக்கே இருப்பவை. அவர்களுக்கு நம்மைப் போலவே சனி.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ளவர்களுக்கு ஒரு சுலபக் கணக்கு சொல்லலாம். சதுர்த்தியன்று நம்மூரில் இரவு ஒன்பது மணிக்குள் திதி முடிகிறதென்றால், பெரும்பாலும் அவர்களுக்கு முந்தைய நாள். வெறுமனே ஒன்பதரையைக் கழித்துவிட்டு நிற்கக் கூடாது. கழித்தபின் அந்த ஊர் மத்தியானத்தோடு ஒப்பிட வேண்டும். பலரும் தவறுவது இந்த இரண்டாவது படியில்தான். வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்பது இன்னொரு தகராறு. இரண்டிலும் திதி முடியும் நேரம் சில மணி வித்தியாசப்படுவதுண்டு. என் அபிப்பிராயம், வெளிநாட்டுக் கணக்குக்குத் திருக்கணிதமே தோது.

கோவில்கள் என்ன செய்கின்றன? நியூயார்க் பிளஷிங் பகுதியில் பௌன் தெருவிலுள்ள மகா வல்லப கணபதி தேவஸ்தானம் 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் கண்டது. அதை அமைக்க முன்னின்றவர் ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன், நம் தமிழர். 2022-ல் அந்தத் தெருவுக்கே 'கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்' என்று கூடுதல் பெயர் சூட்டினார்கள். அங்கே சதுர்த்தி ஒரு நாளோடு முடிவதில்லை. பல நாள் உற்சவம், தேர் தெருவில் வலம் வருகிறது. அமெரிக்கக் கோவில்களில் பொதுவாகவே ஹோமமும் அபிஷேகமும் திதியன்று, கூட்டம் சேரும் நிகழ்ச்சி சனி ஞாயிறில். இதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. பொங்கல் விழாவை நாமும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தானே தள்ளி வைக்கிறோம்! பூஜையைத் திதியில் வைத்துக்கொண்டு, கொண்டாட்டத்தை வசதிப்படி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. வசதியான நாளையே சதுர்த்தி என்று சொல்லிவிடுவதுதான் தப்பு.

இவ்வளவையும் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதி அம்மாவிடம் காட்டினேன். கோணம், டிகிரி எல்லாம் அவருக்கு ஏறவில்லை. ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "அவ வெள்ளிக்கிழமை மத்தியானம் பண்ணும்போது இங்கே மணி என்ன?"

"ராத்திரி ஒன்பதரை."

"அப்போ இங்கே என்ன திதி?"

சதுர்த்திதான்! நமக்கு மூன்று மணிக்கே தொடங்கிவிட்டதே. நம் மத்தியானம் பூஜை நடக்கும்போது அவளுக்கு அதிகாலை இரண்டரை, அப்போதும் அங்கே சதுர்த்தி.

வெள்ளி இரவு வழக்கமாக எட்டரைக்கே படுத்துவிடும் அம்மா, முகம் கழுவி விபூதி இட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார். அங்கே மகள் எருக்கம்பூ கிடைக்காமல் அருகம்புல் மட்டும் சாத்தியிருந்தாள். கொழுக்கட்டை இரண்டு வெடித்திருந்தது. "மாவை இன்னும் கொஞ்சம் கிளறியிருக்கணும்" என்றார் அம்மா. மறுநாள் எங்கள் பூஜையை மகள் தூங்கி எழுந்தபிறகு வீடியோவில் பார்த்தாள்.

2025-லும் இதே கதை. நமக்கு ஆகஸ்ட் 27 புதன், அங்கே 26 செவ்வாய். அந்தத் தடவை அம்மாவே முன்கூட்டிச் சமையலறைக் காலண்டரில் 26-ம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழி போட்டு வைத்திருந்தார்.