டயாலிசிஸ் நோயாளியை பார்க்க போறீங்களா? இளநீர் வேண்டாம்!

சென்னை:-

ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு சொந்தக்காரர்களை பார்க்க போகிறவர்கள் வெறும் கையோடு போவது இல்லை. இளநீர், சாத்துக்குடி, வாழைப்பழம் என்று பையில் ஏதாவது இருக்கும். "உடம்புக்கு குளிர்ச்சி, குடிங்கண்ணே" என்று பாசத்தோடு நீட்டுவார்கள்.

ஆனால் கட்டிலில் இருப்பவர் டயாலிசிஸ் நோயாளி என்றால் அந்த இளநீரே உயிருக்கு உலை வைத்து விடும்.

12 மணி நேரம்தான்

நல்ல கிட்னி வாரத்தில் 168 மணி நேரமும் ஓயாமல் ரத்தத்தை சுத்தம் செய்கிறது. டயாலிசிஸ் எந்திரம் வாரம் 3 முறை, 4 மணி நேரம் வீதம் ஓடினாலும் மொத்தம் 12 மணி நேரம்தான். மற்ற நேரத்தில் சாப்பிட்டதன் கழிவு, குடித்த தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்குகிறது. டயாலிசிஸ் இல்லாமல் சேர்ந்தாற்போல் 2 நாள் வரும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

இதில் முதல் எதிரி பொட்டாசியம். ரத்தத்தில் இது எகிறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி திடீரென்று நின்றே போகலாம். ஒரு நாளைக்கு சுமார் 2 ஆயிரம் மில்லி கிராமுக்குள் நிறுத்தச் சொல்வது வழக்கம். ஒரு டம்ளர் இளநீரில் மட்டுமே சுமார் 600 மில்லி கிராம் இருக்கிறது. ஒரு பெரிய வாழைப்பழத்தில் 400-ஐ தாண்டும். பழ ஜூஸ், பேரீச்சம்பழம், கீரை, தக்காளி, உருளைக்கிழங்கும் இதே ரகம்தான்.

காய்கறியை பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்த தண்ணீரை கொட்டி விட்டால் பொட்டாசியம் பெருமளவு குறையும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட்டுகளில் பொட்டாசியம் கலந்திருக்கும். அதை தொடவே கூடாது.

தாகம்தான் பெரிய கொடுமை

முந்தைய நாள் போன சிறுநீர் அளவோடு அரை லிட்டர் சேர்த்து குடிக்கலாம் என்பது பொதுவான கணக்கு. சிறுநீரே போகாதவருக்கு நாள் முழுக்க அரை லிட்டர்தான். காபி, ரசம், மோர், கஞ்சி, ஐஸ் கட்டி எல்லாம் இந்த கணக்கில்தான் சேரும்.

கத்திரி வெயிலில் "ஒரு வாய் தண்ணி குடிச்சா என்ன ஆயிடும்?" என்று தோன்றும். கூடுதல் தண்ணீர் நுரையீரலில் கோத்துக் கொண்டால் படுக்கவே முடியாமல் மூச்சு திணறும்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு சாப்பிட்டு விட்டு தண்ணீரை அடக்கவே முடியாது. உப்பை குறைத்தால்தான் தாகம் குறையும். வாய் கொப்பளித்து துப்புவது, சின்ன டம்ளரில் குடிப்பது கைகொடுக்கும்.

பட்டினியும் கூடாது

டயாலிசிஸ் தொடங்கும் முன்பு "பருப்பு, கறி, முட்டையை குறைங்க" என்று டாக்டர் சொல்லி இருப்பார். பலர் அதையே பிடித்துக் கொண்டு கஞ்சியோடு காலம் தள்ளுகிறார்கள். இது தப்பு. டயாலிசிஸ் செய்யும்போது புரதச்சத்தும் கொஞ்சம் வெளியேறும் என்பதால் இப்போது முன்பை விட அதிகம் தேவை. முட்டை வெள்ளைக்கரு நல்லது, விலையும் குறைவு.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனியாக சமைப்பது கூலி வேலைக்கு போகும் குடும்பத்துக்கு பெரிய பாடுதான். எல்லோருக்கும் உப்பு குறைவாக குழம்பு வைத்து, மற்றவர்கள் இலையில் உப்பு போட்டுக் கொண்டால் வேலை பாதி முடிந்தது.

வயிறு வழியாக டயாலிசிஸ் செய்பவர்களுக்கு கட்டுப்பாடு வேறு மாதிரி இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பதை ரத்த பரிசோதனையை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

திடீரென்று கை, கால் துவண்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

அடுத்த முறை பார்க்க போகும்போது இளநீருக்கு பதில் ஒரு ஆப்பிள், 2 அவித்த முட்டை போதும். அதையும் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு விட்டு கொடுங்கள்.