விளையாட்டுக்கும் ஆகும் லினக்ஸ்

விண்டோஸ் 10-க்கு இலவசமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டபோது, பழுது ஏதுமின்றி நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ வீட்டுக் கணினிகள், தேய்மானத்தினாலன்றி ஒரு நிபந்தனையினாலேயே பழையனவாகிவிட்டன. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கணினியில் இருக்க வேண்டும். பிராசஸர் இன்டெல் நிறுவனத்ததாயின் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையாததாக இருக்க வேண்டும். பதிவு செய்துகொண்டவர்களுக்கு மேலும் ஓராண்டுத் தவணை கொடுத்திருக்கிறார்கள் என்பது வாஸ்தவமே. தவணை முடிந்த பிறகு அதே கேள்வி அப்படியே வந்து நிற்கும். 2016-இலோ 2017-இலோ ஆசையோடு வாங்கிய கணினியை இனி என்ன செய்வது என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு, விஷயம் தெரிந்தவர்கள் கூறும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: லினக்ஸுக்கு மாறிவிடுங்கள்.

இந்த ஆலோசனை புதியதன்று. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தம் சிருஷ்டியான லினக்ஸ் இயங்குதளத்தை உலகத்துக்கு அறிவித்த சில வருஷங்களிலேயே இதைச் சொல்லத் தொடங்கியவர்கள் இன்றுவரை ஓயவில்லை. சென்னையில் சி-டாக் என்னும் அரசுக் கணினி ஆராய்ச்சி மையத்தில் உருவான ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் பதிப்பு 2007-இல் வெளிவந்தது. பிற்பாடு தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்தே வந்தமையால், லினக்ஸ் என்னும் பெயர் நம் வீடுகளுக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. ஆயினும் அந்தப் பக்கம் போய் நிலைத்துவிட்டவர்கள் மிகச் சிலரே என்று எண்ணுகிறேன். தகப்பனார் எவ்வளவு நியாயங்களை எடுத்துச் சொன்னாலும், வீட்டிலுள்ள பையன் கேட்கும் ஒரே கேள்வியில் அவையெல்லாம் அடிபட்டுப் போகும்: “அதில் கேம் ஓடுமாப்பா?”

பெரியவர்கள் இந்தக் கேள்வியை அற்பமானதென்று தள்ளிவிடுவது வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. கடிதம் எழுதுவதற்கும், கணக்குப் பார்ப்பதற்கும், படம் பார்ப்பதற்கும் எந்தக் கணினியும் போதும். ஒரு வீட்டுக் கணினியின் முழு சாமர்த்தியத்தையும், திரையிலே படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ஒலிப்பெருக்கிவரையில், ஒரே சமயத்தில் கசக்கிப் பிழிந்து வேலை வாங்குவது விளையாட்டு ஒன்றுதான். ஆகவே விளையாட்டு ஓடுமா என்று கேட்பவன், தன்னை அறியாமலே, அந்த இயங்குதளத்துக்கு மிகக் கடினமான பரீட்சையை வைக்கிறான். அந்தப் பரீட்சையில் லினக்ஸ் நெடுங்காலம் தோற்றுக்கொண்டே இருந்தது. கடந்த சில வருஷங்களில் தேறிவிட்டது. எவ்வாறு தேறிற்று என்னும் விருத்தாந்தம் சுவாரசியமானது.

லினக்ஸில் விளையாட்டே இல்லாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. புகழ்பெற்ற ‘டூம்’ விளையாட்டு 1994-லேயே லினக்ஸுக்கு வந்துவிட்டது. 1998-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட லோக்கி என்னும் நிறுவனம், பிறர் விண்டோஸுக்கென்று எழுதிய விளையாட்டுகளை விலைபேசி வாங்கி, லினக்ஸுக்கு ஏற்பத் திருத்தி எழுதி விற்பதையே தன் தொழிலாகக் கொண்டிருந்தது. வாங்குவோர் போதவில்லை, 2002-இன் தொடக்கத்தில் கடையை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியே திருத்தி எழுதுவது என்னும் அந்த மார்க்கம் ஒருபோதும் பெருக முடியாதது என்பது அப்போதே தெளிவாயிற்று. ஆனால் அந்நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராயிருந்த சாம் லான்டிங்கா என்பவர் எழுதிய எஸ்.டி.எல். என்னும் நிரல்தொகுப்பு மட்டும் நிறுவனத்தோடு அழியாமல் பிழைத்துக்கொண்டு, இன்றைக்கும் எண்ணற்ற விளையாட்டுகளுக்கு அடிப்படையாக விளங்குகிறது. அவரும் பத்தாண்டு கழித்து, இக்கதையில் பின்னால் வரப்போகிற வால்வ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மற்றொரு மார்க்கத்தை 1993-லேயே சிலர் தொடங்கியிருந்தார்கள். அதன் பெயர் வைன். விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட நிரல் ஒன்று, கோப்பைத் திற, சாளரத்தை வரை, ஒலியை எழுப்பு என்று இயங்குதளத்தை நோக்கி ஓயாமல் கட்டளைகள் இட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கட்டளைகளுக்கெல்லாம் விண்டோஸ் எந்தப் பெயரில் எந்த விதமாக விடை கூறுமோ, அதே பெயரில் அதே விதமாக விடை கூறிவிட்டு, காரியத்தை மட்டும் லினக்ஸைக் கொண்டு முடித்துக்கொடுப்பது வைனின் உத்தியோகம். கம்பெனிக்காரர்கள் காலத்தில் துரைக்கும் ஊராருக்கும் நடுவில் நின்ற துபாஷியைப் போன்றது அது. துரையின் பாஷை ஊராருக்குத் தெரியாது, ஊராரின் பாஷை துரைக்குத் தெரியாது, ஆயினும் வியாபாரம் நடந்துவிடும். இரண்டு பக்கத்திலும் பிராசஸர் ஒன்றே ஆகையால், நிரலின் கணக்குகளெல்லாம் நேராகவே நடைபெறுகின்றன. கட்டளைகளுக்கு மட்டுமே மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கிறது. வேகம் அதிகமாகக் குறையாததன் காரணம் இதுதான். விண்டோஸ் உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வழியில்லாமல், வெளியிலிருந்து அதன் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே எழுத வேண்டியிருந்தமையால், வைனின் முதல் முழுப் பதிப்பு வெளிவருவதற்குப் பதினைந்து வருஷம் பிடித்தது. 2008-இல் அது வந்தபோது சில்லறை நிரல்கள் ஓடின. பெரிய விளையாட்டுகள் பல தடுமாறின.

இந்த நிலையை மாற்றியது தர்ம சிந்தனை அன்று, வியாபார பயம். கணினி விளையாட்டுகளை ஸ்டீம் என்னும் தன் அங்காடியின் வழியே விற்றுக்கொண்டிருந்த வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், 2012-இல் விண்டோஸ் 8 வெளிவரவிருந்த தறுவாயில், அதனால் கணினித் தொழிலுக்கே பெரும் விபத்து நேரும் என்று பகிரங்கமாகக் கூறினார். மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்துக்குள்ளேயே ஓர் அங்காடியைத் திறந்துகொண்டு, நாளைக்கு மற்றக் கடைகளுக்கு வழி அடைத்துவிட்டால் என்ன செய்வது என்னும் கவலை அதில் இருந்தது. 2013-இல் லினக்ஸுக்கான ஸ்டீம் வந்தது. 2015-இல் லினக்ஸ் கொண்ட ‘ஸ்டீம் மெஷின்’ பெட்டிகள் விற்பனைக்கு வந்து, விளையாட்டுகள் போதாமையால் தோல்வியும் அடைந்தன. பணமும் பொறுமையும் உள்ள நிறுவனம் ஆகையால், விளையாட்டு எழுதுபவர்களைக் கெஞ்சுவதை விட்டுவிட்டு, வைனின் மார்க்கத்துக்கே அது திரும்பிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஒரு விநோதம் நிகழ்ந்தது. ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்னும் ஜப்பானிய விளையாட்டை லினக்ஸிலேயே ஆடிவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட பிலிப் ரெபோல் என்னும் நிரலாளர், 2017-இல், டைரக்ட்3டி என்னும் விண்டோஸ் சித்திர மொழியை, பல இயங்குதளங்களுக்குப் பொதுவான வல்கன் என்னும் மொழிக்கு மாற்றித் தரும் டி.எக்ஸ்.வி.கே. என்னும் நிரலைத் தாமாகவே எழுதத் தொடங்கினார். வைனுக்கு நெடுநாளாக இருந்துவந்த பெரிய குறை அதனால் தீர்ந்தது. வால்வ் அவரைத் தன் பணிக்கு அமர்த்திக்கொண்டு, வைனை வளர்த்துவரும் கோட்வீவர்ஸ் நிறுவனத்தின் உதவியோடு, வைனையும் இதையும் பிறவற்றையும் ஒன்றாகக் கட்டி, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்னும் பெயரில் வெளியிட்டது. முதல் நாளில் நன்றாக ஓடும் என்று அவர்கள் உத்தரவாதமளித்த விளையாட்டுகள் 27 மாத்திரமே; அவற்றில் நியர்: ஆட்டோமேட்டாவும் ஒன்று. ஒருவருடைய விளையாட்டு ஆசை இத்தனை பேருக்குப் பயன்பட்ட உதாரணம் கணினி உலகத்தில் அதிகமில்லை.

அதன் பிறகு லினக்ஸின் மையக்கருவாகிய கெர்னலே விளையாட்டின் பொருட்டு வளைந்து கொடுக்கலாயிற்று. விண்டோஸ் நிரல்கள் ஒரே சமயத்தில் பல நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருக்கும் வழக்கமுடையவை. அதற்கு ஈடான வசதி 2022-இல் வெளிவந்த 5.16 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இதையே இன்னும் நேர்த்தியாகச் செய்யும் ‘என்.டி.சிங்க்’ 2025-இல் 6.14 பதிப்போடு வந்தது. 2022 பிப்ரவரியில் ‘எல்டன் ரிங்’ வெளியானபோது, விண்டோஸில் ஆடியவர்கள் படம் விக்கி விக்கி நகர்கிறது என்று முறையிட்டுக்கொண்டிருக்க, வால்வின் பொறியாளர்கள் அந்த விக்கலின் பெரும்பகுதியைப் புரோட்டானிலேயே திருத்திவிட்டார்கள். அதே மாதக் கடைசியில் வால்வின் ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கணினி விற்பனைக்கு வந்தது. அதனுள்ளே இருப்பது லினக்ஸ்தான் என்பதை அறியாமலே அதில் ஆடுகிறவர்கள் இருப்பார்கள். அறிய வேண்டிய அவசியம் ஏற்படாததே அதன் வெற்றி. ஸ்டீம் உபயோகிப்போரில் லினக்ஸ்காரர்களின் பங்கு 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டிற்று. தொகை சிறியது, ஆனால் நெடுங்காலம் ஒரு சதவீதத்தையொட்டியே கிடந்த தொகை அது.

கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏ.எம்.டி. கார்டாயின் அதை இயக்குவதற்கு வேண்டிய டிரைவர் நிரல் லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. தனியே ஒன்றும் நிறுவ வேண்டியதில்லை. என்விடியா கார்டாயின் அந்நிறுவனத்தின் டிரைவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2012-இல் பின்லாந்தில் மாணவர் கூட்டமொன்றில் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தை நோக்கி அநாகரிகமான விரல் சைகை காட்டும் அளவுக்கு இருந்த பகைமை இப்போது வெகுவாகத் தணிந்திருக்கிறது. 2022-இல் தன் கெர்னல் டிரைவரின் மூலத்தை என்விடியா திறந்துவிட்டது.

இத்தனையும் சொன்ன பிறகு, ஓடாதவை எவை என்று சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இன்றைக்கு லினக்ஸில் ஓடாத பெரிய விளையாட்டுகளில் மிகப் பல, ஓட வைக்க முடியாதவை அல்ல, ஓட அனுமதிக்கப்படாதவை. நம் இளைஞர்கள் மிகவும் விரும்பி ஆடும் ‘வாலரன்ட்’ விளையாட்டு, திருட்டாட்டத்தைத் தடுக்கும் வான்கார்டு என்னும் காவல் நிரலை விண்டோஸின் கெர்னலுக்குள்ளேயே, கணினி விழித்தெழும்போதே குடியேற்றுகிறது. அது லினக்ஸில் நடவாது. வாலரன்டை உருவாக்கிய நிறுவனத்தின் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ பல வருஷம் வைனில் ஓடிக்கொண்டிருந்தது. 2024-இல் அதற்கும் வான்கார்டு விதிக்கப்பட்டதும் நின்றுபோயிற்று. ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ ஸ்டீம் டெக்கில் சௌகரியமாக ஓடிக்கொண்டிருந்ததை, 2024 அக்டோபர் கடைசியில் அதன் உடைமையாளர்களே தடுத்துவிட்டார்கள். இவற்றினும் வேடிக்கை ‘ஃபோர்ட்நைட்’ சங்கதி. ஈஸி ஆன்டி-சீட் என்னும் காவல் நிரல், ஃபோர்ட்நைட்டை வெளியிடும் எபிக் நிறுவனத்துக்கே சொந்தமானது. அந்நிரல் 2021 முதல் புரோட்டானில் ஓடத் தகுதி பெற்றிருக்கிறது. மற்றவர்கள் அதை உபயோகித்துத் தங்கள் விளையாட்டுகளை லினக்ஸுக்குத் திறந்துவிடுகிறார்கள். எபிக் தன் சொந்த விளையாட்டுக்கு மாத்திரம் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

இப்படித் தடுக்கும் நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். போட்டி விளையாட்டில் சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியைக் காட்டிக்கொடுக்கும் திருட்டு நிரல் ஒன்று புகுந்துவிட்டால், நேர்மையாக ஆடுகிறவர்களின் உற்சாகமே கெட்டுப்போகிறது. லினக்ஸின் கெர்னலை உடைமையாளர் தம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் ஆகையால், காவல் நிரலையே ஏமாற்றும்படி அதைத் திருத்திக்கொள்வதும் சாத்தியமே. ஆனால் விண்டோஸின் கெர்னலுக்குள் உட்கார்ந்த காவலையும் மீறித் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள்; ஒரு பொழுதுபோக்கின் பொருட்டு, வங்கிக் கணக்கும் குடும்பப் புகைப்படமும் வைத்திருக்கும் யந்திரத்தின் ஆதாரத்தில் அந்நியர் ஒருவருக்கு நிரந்தர இடம் கொடுப்பது எவ்வளவு தூரம் உசிதம் என்பதையும் யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்த விலை அதிகம் என்பேன். பதினேழு வயதுப் பையன் வேறு விதமாகச் சொல்வான். அவனுடைய நண்பர்களெல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்.

அன்றாடக் காரியங்களில் இவ்வளவு வாதத்துக்கு இடமில்லை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அப்படியே இருக்கின்றன. வங்கி, ரயில் டிக்கெட், மின்கட்டணம் எல்லாம் அவற்றுக்குள்ளேதான் நடைபெறுகின்றன. வேர்டு, எக்ஸெல் கோப்புகளை லிபர்ஆஃபீஸ் திறக்கும். மிகவும் அலங்காரமான ஆவணங்களில் மட்டும் பத்தியமைப்புக் கொஞ்சம் நகர்ந்துவிடும். தமிழ் எழுதுவதற்கு வேறெந்த நிரலும் வேண்டியதில்லை. விசைப்பலகை அமைப்புகளில் தமிழ்99 முன்பே இருக்கிறது, தேர்ந்துகொள்ளலாம். சங்கடம் வேறிடத்தில். டாலியில் கணக்கெழுதுகிறவர்களுக்கும், பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருக்களைக் கொண்டு நோட்டீஸும் அழைப்பிதழும் செய்கிற அச்சகத்தாருக்கும், ஃபோட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் லினக்ஸில் நேரான மாற்று இல்லை. வைனில் ஓட்டிப் பார்க்கலாம் என்பார்கள். வயிற்றுப்பாட்டுக்குரிய காரியத்தில் அவ்விதமான பரீட்சை வேண்டாம்.

மாற விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றையும் அழிக்காமல் பார்ப்பது. லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு பதிப்பைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கினால், ஹார்டுடிஸ்கைத் தொடாமலே அது இயங்கும். வைஃபை, ஒலி, பிரிண்டர் ஆகியவை சரியாயிருக்கின்றனவா என்று ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும். பிரதானமாக விளையாட்டுக்கே கணினி என்பவர்கள் பாஸைட் என்னும் பதிப்பைப் பார்க்கலாம். ஸ்டீம் அதில் முன்கூட்டியே அமைந்திருக்கிறது. திருப்தி ஏற்பட்ட பிறகு, கோப்புகளையெல்லாம் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நிறுவலாம். ஸ்டீமை அமைத்துக்கொண்டால், வாங்கி வைத்திருக்கிற விளையாட்டுகளைப் பழையபடியே இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸில் இறக்கிய விளையாட்டுகளை அந்த டிஸ்கிலேயே வைத்துக்கொண்டு லினக்ஸிலிருந்து ஆட முயல்வது பலருக்குத் தொல்லையில் முடிகிறது. லினக்ஸின் சொந்தப் பகுதியில் மறுபடியும் இறக்கிக்கொள்வதே சிலாக்கியம்.

வாலரன்டும் டாலியும் விட முடியாதவை என்றிருக்கிற வீட்டில் விண்டோஸையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றதாயின், அந்த வீட்டுக்கு மட்டும் புதுக் கணினிச் செலவு தவிராது. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே டிஸ்கில் வைத்தால், விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று சில வேளைகளில் லினக்ஸின் துவக்க ஏற்பாட்டைக் கலைத்துவிடுவது உண்டு. சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று தனியாக வாங்கி, லினக்ஸ் நிறுவும் வேளையில் விண்டோஸ் டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்தபின் மாட்டிக்கொண்டால், எது வேண்டுமோ அதைத் துவக்கத்திலேயே தேர்ந்துகொள்ளலாம்.