நாற்பதுக்கு மேல் டிவிக்கு எழுதப் போகலாமா?

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் போன மாதம் போன் பண்ணினார். வயசு 46. ஆஸ்பத்திரி பில்லிங் மென்பொருளில் இருபது வருஷ அனுபவம். "வேலையை விட்டுட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய் டிவி தொடருக்கு எழுத முயற்சி பண்ணலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" என்றார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதற்காகத் தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

1998இல் 'ஃபெலிசிட்டி' என்ற கல்லூரிக் கதைத் தொடரில் ரைலி வெஸ்டன் என்ற பெண் எழுத்தாளராகச் சேர்ந்தார். வயது 19 என்று சொல்லியிருந்தார். பத்திரிகைகள் கொண்டாடின, டிஸ்னி பெரிய தொகைக்கு ஒப்பந்தம் போட்டது. கொஞ்ச நாளிலேயே குட்டு உடைந்தது. அவருக்கு 32! அவர் சொன்ன பொய்யைவிட, 32 வயதையே மறைக்க வேண்டியிருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

ஏன் இப்படி? முதல் காரணம் விளம்பரம். அமெரிக்க சேனல்கள் பல வருஷமாக 18 முதல் 49 வயது வரையிலான பார்வையாளர்களைக் கணக்கில் வைத்துத்தான் விளம்பர நேரத்தை விற்றன. இளைஞர்கள் பார்க்க வேண்டுமானால் இளைஞர்கள்தான் எழுத வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. நாற்பதைத் தாண்டிய எழுத்தாளர்கள் பலர் 2000இல் சேனல்கள், ஸ்டுடியோக்கள், ஏஜென்சிகள் மேல் வயதுப் பாகுபாடு வழக்குப் போட்டார்கள். பத்து வருஷம் இழுத்து, 2010இல் 7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இரண்டாவது காரணம் ஏணி. அங்கே ஒரு தொடரைப் பெரும்பாலும் பல பேர் ஒரே அறையில் உட்கார்ந்துதான் உருவாக்குகிறார்கள். அதற்கு ரைட்டர்ஸ் ரூம் என்று பெயர். அங்கே பேசுவதையெல்லாம் குறிப்பெடுக்கும் உதவியாளர் அடிமட்டம். அதற்கு மேல் ஸ்டாஃப் ரைட்டர், பிறகு ஸ்டோரி எடிட்டர், அப்புறம் பலவிதத் தயாரிப்பாளர் பட்டங்கள், உச்சியில் ஷோரன்னர். முன்பெல்லாம் சீசனுக்கு 22 எபிசோட். ஸ்ட்ரீமிங் வந்தபின் எட்டு, பத்து என்று சுருங்கிவிட்டது. ஒரு வேலை முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை கையைப் பிசைந்துகொண்டு இருக்கவேண்டும். 2023இல் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். அறை நண்பர்களோடு வாடகையைப் பகிரும் 25 வயதுக்காரர் இதைத் தாங்குவார். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸும் இருப்பவர்?

ஆனாலும் அந்த ஏணியில் ஏறாமலே உள்ளே போனவர்கள் உண்டு. எட் பர்ன்ஸ் பால்டிமோர் போலீசில் இருபது வருஷம் இருந்தவர். கொலை, போதைப்பொருள் வழக்குகளைத் துப்பறிந்தார். ஓய்வுபெற்றதும் அதே ஊரில் பள்ளி ஆசிரியரானார். செய்தியாளர் டேவிட் சைமனோடு சேர்ந்து, போதைப்பொருள் விற்கும் ஒரு தெருமுனையைப் பற்றி எழுதிய புத்தகம் 1997இல் வந்தது. 2002இல் இருவரும் எச்.பி.ஓ.வில் 'தி வயர்' தொடரைத் தொடங்கியபோது பர்ன்ஸுக்கு வயது 56. முதல் சீசனின் ஒட்டுக்கேட்பு விசாரணை அவருடைய போலீஸ் அனுபவத்திலிருந்து வந்தது. நான்காவது சீசனின் பள்ளிக்கூடம் அவர் பாடம் நடத்திய வகுப்பறைகளிலிருந்து வந்தது. 25 வயதில் அவரால் இதை எழுதியிருக்க முடியாது.

அதிர்ஷ்டமும் சேர்ந்திருந்தது, மறுக்கவில்லை. சைமனின் முந்தைய புத்தகம் ஏற்கனவே டிவி தொடராகியிருந்தது. அப்படி ஒரு கூட்டாளி எல்லாருக்கும் வாய்க்கமாட்டார். ஒரு பர்ன்ஸைக் காட்டி வேலையை விடு என்று யாருக்கும் சொல்லமுடியாது.

நண்பரைக் கூப்பிட்டு, "என்ன கதை எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"செவ்வாய் கிரகத்துல ஒரு துப்பறிவாளர்."

"ஆஸ்பத்திரி பில்லைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

"அதெல்லாம் யாருக்குங்க சுவாரஸ்யம்?"

ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கும் காகித வேலையைக்கூட விடாமல் பார்க்க வைத்த தொடர் 'தி வயர்' என்று சொன்னேன். வாய்ப்புத் தேடுபவர்கள் மாதிரிக்குக் காட்டுவது பைலட், அதாவது முதல் எபிசோடின் திரைக்கதை. ஒரு மணி நேரத் தொடர் என்றால் சுமார் 60 பக்கம். அதை எழுத லாஸ் ஏஞ்சலஸ் போகவேண்டாம், ராத்திரி சாப்பாட்டு மேஜை போதும். அந்த 60 பக்கம் முடியும்வரை ராஜினாமா பேச்சே எடுக்காதீங்க என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு பக்கம் அனுப்பியிருந்தார். ஒரு கிழவியின் இன்சூரன்ஸ் க்ளெய்ம், ஒரே ஒரு தப்பான எண்ணால் மூன்றாவது தடவையாகத் திரும்பி வருகிறது. அந்த எண்ணைத் திருத்த வேண்டியவருக்கு அன்று கடைசி வேலைநாள். அடுத்து என்ன ஆகும் என்று கேட்டு உடனே மெயில் போட்டேன்.

"இன்னும் எழுதலை, காலையில ஆபீஸ் இருக்கு" என்று பதில் வந்தது.